அமலேக்கியரின் குழந்தைகளும் என் குழந்தையும்

இந்த முறை ஒரே ஒரு கடிதம்தான். நீளமானது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கியிருக்கிறேன்.

எழுதியவருக்கு வயது 33. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். ஞாயிறு பள்ளியில் படித்து, பிறகு அங்கேயே சொல்லிக் கொடுத்தவர். ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். சென்ற ஆண்டு, எட்டாம் மாதத்தில் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையை விட்டு முன்கூட்டியே பிரிந்ததில் இரண்டாவது குழந்தை இறந்தே பிறந்தது. ஆண் குழந்தை. ஆறுதல் தேடி, ஓர் ஆண்டில் வேதாகமம் முழுவதையும் வாசித்து முடிக்கும் அட்டவணையைக் கையில் எடுத்தார். நியாயாதிபதிகள் வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவர், 1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தில் நின்றுவிட்டார். இஸ்ரவேலின் பகைவர்களான அமலேக்கியரை அழிக்கும்படி ராஜா சவுலுக்குக் கடவுளிடமிருந்து வரும் கட்டளையில் 'பிள்ளைகளையும், குழந்தைகளையும்' என்று தனித்தனியாகவே எழுதியிருக்கிறது. "குழந்தைகளைக் கொல்லச் சொன்னவரிடமா என் குழந்தையை ஒப்புக்கொடுத்தேன்?" என்று கேட்கிறார்.

கணவர் நல்லெண்ணத்தோடு "அதையெல்லாம் விடு, சங்கீதம் படி" என்றிருக்கிறார். புரட்டியபோது கண்ணில் பட்டது 137ஆம் சங்கீதம். அதன் கடைசி வசனம்: 'உன் குழந்தைகளைப் பிடித்து, கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான்.' புத்தகத்தை மூடிவிட்டார்.

ஜெபக்குழுவில் இருக்கும் பெரியம்மாவோ வேறு ஒன்றைச் சொல்கிறார்: குடும்பத்தில் தலைமுறை சாபம் இருக்கிறதாம், தாவீதின் பிள்ளையை எடுத்ததுபோல் இவர் பிள்ளையையும் ஆண்டவர் எடுத்துவிட்டாராம், 21 நாள் உபவாசம் இருந்தால் சாபம் முறியுமாம். வாசகி இப்போது மறுபடியும் கர்ப்பமாக இருக்கிறார், நான்காம் மாதம். படுக்கப் போகும்போது கடவுளைத் திட்டும் சொற்கள் மனத்தில் தானாக வருகின்றன என்கிறார். உடனே 'மன்னியும்' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். கவனம் சிதறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதில் பாதி இரவு போய்விடுகிறது.

அவர் கேட்பவை: குழந்தைகளைக் கொல்லச் சொன்னது உண்மையிலேயே கடவுளா? என் மகன் தண்டனையாக எடுக்கப்பட்டானா? இப்படிக் கேட்பதே மன்னிக்கப்படாத பாவமா? விசுவாசத்தை விட்டுவிட்டால் நிம்மதி வரும்போலத் தோன்றுகிறது; ஆனால் விட்டால் அவனை மறுபடி பார்ப்பேன் என்கிற நம்பிக்கையும் போய்விடுமே, நான் என்ன செய்ய?

அன்புள்ள சகோதரிக்கு,

நான் போதகர் அல்ல. இறையியலும் படித்த மனநல ஆலோசகன். உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அமலேக்கியரின் குழந்தைகளைப் பற்றிய கேள்வி மிகப் பழையது, கடினமானது. அதற்கு முழுப் பதில் யாராலும் தரப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை, நானும் தரப்போவதில்லை. உங்கள் மகனைப் பற்றிய கேள்வி அப்படி அல்ல. அதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. முதல் கேள்வி தீர்ந்தால்தான் இரண்டாவதில் ஆறுதல் கிடைக்கும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் இந்தப் பதிலின் வேலை. ஆனால் அதற்கும் முன்னால் ஓர் அவசரம் இருக்கிறது.

21 நாள் உபவாசம் வேண்டாம்

இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஒருமுறை நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்தவர்களுக்கு அடுத்த கர்ப்பத்திலும் அது நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பயமுறுத்தச் சொல்லவில்லை, பெரும்பாலானவர்களுக்கு அடுத்த பிரசவம் நல்லபடியாகவே முடிகிறது. ஆனால் ரத்த அழுத்தம், ரத்தசோகை, குழந்தையின் வளர்ச்சி என்று ஒவ்வொன்றையும் மருத்துவர் கூர்ந்து பார்க்க வேண்டிய கர்ப்பம் இது. சென்ற முறை நடந்ததை இந்த மருத்துவரிடம் முழுவதும் சொல்லியிருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லவில்லை என்றால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். ரத்தப்போக்கு, விடாத வயிற்றுவலி, வயிறு கல்போல் இறுகுவது, பிற்பாடு குழந்தையின் அசைவு குறைவது: இவற்றில் எது வந்தாலும் முதலில் மருத்துவமனைக்குப் போங்கள், ஜெபக்குழுவுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

பெரியம்மா வேத ஆதாரம் கேட்பார். யூதர்களுக்கு ஆண்டிலேயே கடுமையான உபவாசம் பாவநிவிர்த்தி நாள். அந்த நாளில்கூட, உணவின் வாசனை பட்டு ஒரு கர்ப்பிணிக்கு ஆசை மிகுந்தால், அவள் தேறும்வரை ஊட்டிவிடுங்கள் என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. உபவாசத்தின் அருமை தெரிந்தவர்கள்தான் அதை எழுதினார்கள்.

உங்கள் மகன் தண்டனை அல்ல

தலைமுறை சாபம் என்று பேசுகிறவர்கள் எடுத்துக்காட்டுவது யாத்திராகமம் 20:5. பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிப்பதாக அங்கே இருக்கிறது, உண்மைதான். ஆனால் வாக்கியம் அதோடு முடியவில்லை. அடுத்த வசனத்தில் இரக்கம் ஆயிரம் தலைமுறைமட்டும் என்று வருகிறது. அதைவிட முக்கியம், வேதாகமத்துக்குள்ளேயே இந்தக் கருத்து நேருக்கு நேர் மறுக்கப்படுகிறது. பாபிலோனுக்குச் சிறை பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள், 'பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின' என்று பழமொழி சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு இருந்த தீர்க்கதரிசி எசேக்கியேல், இனி அந்தப் பழமொழியைச் சொல்லாதீர்கள் என்றார். 'பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும்; குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை' (18:20). உங்கள் தாத்தா என்ன செய்தாரோ எனக்குத் தெரியாது. உங்கள் மகன் அதைச் சுமக்கவில்லை.

இயேசுவிடமும் இதே கேள்வி வந்தது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டார்கள். 'அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல' என்பது பதில் (யோவான் 9:3). சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்றார் (லூக்கா 13). நஞ்சுக்கொடி பிரிவதும் அப்படி ஒரு விபத்து. ரத்த அழுத்தம், அடிபடுதல், முன்பு ஒருமுறை நேர்ந்திருப்பது என்று சில காரணங்கள் உண்டு. பல நேரங்களில் காரணமே கண்டுபிடிக்க முடிவதில்லை. நீங்கள் செய்த எதுவோ, செய்யாத எதுவோ அவனைக் கொல்லவில்லை.

தாவீதின் குழந்தை? 2 சாமுவேல் 12ஐ நான் மழுப்பப் போவதில்லை. கர்த்தர் அந்தப் பிள்ளையை அடித்தார் என்றுதான் எழுதியிருக்கிறது; ஏழாம் நாளில் குழந்தை இறந்தது. ஆனால் அந்த அதிகாரம் ஒரு ராஜா இன்னொருவரின் மனைவியை எடுத்துக்கொண்டு, கணவனைப் போர்முனையில் நிறுத்திக் கொன்ற ஒரே ஒரு வழக்கைப் பற்றியது. இறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பின்னால் ஒரு பாவம் இருக்கிறது என்று அது எங்கும் சொல்லவில்லை. யோபுவின் நண்பர்கள்தான் அப்படிச் சொன்னார்கள். நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அவர்களிடம்தான், கேள்வி கேட்ட யோபுவிடம் அல்ல.

இன்னொரு விஷயம், அதே அதிகாரத்தில். தாவீது தரையில் கிடந்தது, சாப்பிட மறுத்தது, பிறகு எழுந்து குளித்தது எல்லாம் விவரமாக இருக்கிறது. குழந்தையின் தாய் பத்சேபாள் அந்த ஏழு நாளும் எங்கே இருந்தாள், என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. குழந்தை வியாதிப்படும் இடத்தில் அவள் பெயர்கூட இல்லை, 'உரியாவின் மனைவி' மட்டும்தான். எல்லாம் முடிந்த பிறகு தாவீது அவளுக்கு ஆறுதல் சொன்னான் என்று ஒரு சிறு குறிப்பு. அந்தப் பக்கத்தில் உங்களுக்கு இடமே இல்லாததுபோல் தோன்றியிருந்தால், நீங்கள் தவறாக வாசிக்கவில்லை. இறந்த குழந்தையின் தாய் அந்தக் கதையில் உண்மையிலேயே விடுபட்டிருக்கிறாள்.

அமலேக்கு

சரி, கடினமான பகுதிக்கு வருவோம். இந்தக் கேள்வி நவீன அவிசுவாசத்திலிருந்து வருகிறது, பழைய விசுவாசிகள் யாரும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த நிசாவின் கிரகோரி, திருச்சபைப் பிதாக்களில் ஒருவர். எகிப்தில் தலைப்பிள்ளைகள் இறந்ததைப் பற்றி எழுதும்போது, தகப்பன் செய்த கொடுமைக்குக் குழந்தை விலை கொடுத்தால் நீதி எங்கே என்று கேட்டு, நான் மேலே சொன்ன அதே எசேக்கியேலை ஆதாரமாக எடுக்கிறார். அவரை யாரும் சபையை விட்டு வெளியேற்றவில்லை; இன்றுவரை புனிதராகக் கொண்டாடுகிறார்கள். ஆபிரகாமும் சோதோமுக்காக ஐம்பது பேரில் தொடங்கிப் பத்துப் பேர் வரை பேரம் பேசினார். சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ என்ற அவருடைய கேள்வியும் உங்களுடைய கேள்வியும் வேறு வேறல்ல.

இந்தப் பகுதியை எப்படியெல்லாம் வாசித்திருக்கிறார்கள்? உயிரைக் கொடுத்தவர் எடுக்கலாம், அது அந்தக் காலத்துக்கு மட்டுமான நியாயத்தீர்ப்பு என்பது ஒரு பழைய வழி. பெரிய இறையியலாளர்கள் பலர் இதைத்தான் சொன்னார்கள். பயபக்தியோடு சொல்லப்பட்டதுதான், ஆனால் எனக்கு இதில் பயம் உண்டு. கடவுள் சொன்னால் குழந்தைகளைக் கொல்வதும் சரி என்ற கதவைத் திறந்துவிட்டால், கடவுள் சொன்னார் என்று சொல்லிக்கொண்டு யார் வேண்டுமானாலும் நுழைவார்கள். 1689இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியின் போதகர் காட்டன் மேதர், பூர்வகுடிகளோடு போருக்குப் போகும் படைவீரர்களுக்கு முன்னால் அந்த மக்களை அமலேக்கு என்று பிரசங்கித்தார்.

மூன்றாம் நூற்றாண்டின் ஒரிகன் போன்ற இறையியலாளர்கள், பழைய போர்க்கதைகள் உள்ளத்திலிருக்கும் பாவங்களோடு நடக்கும் போரைக் குறிப்பதாக வாசித்தார்கள். அழகான வாசிப்பு, ஆனால் வெட்டுப்படுகிற குழந்தையின் முகத்தை அது மறைத்துவிடுகிறது. உங்கள் நிலையில் இருப்பவருக்கு அது உதவாது.

இன்னொரு வழியில் கொஞ்சம் கெட்டியான தரை இருக்கிறது. அந்தக் காலத்தில் போர் வெற்றியை எழுதும் முறையே மிகைப்படுத்தல்தான். எகிப்தின் மெர்னெப்தா மன்னன் கி.மு. 1208ஐ ஒட்டி நாட்டிய கல்வெட்டு இஸ்ரவேலின் வித்தே இல்லாமல் போனது என்கிறது. வேதாகமத்துக்கு வெளியே இஸ்ரவேலின் பெயர் கிடைக்கும் மிகப் பழைய இடமே, அவர்கள் ஒழிந்துபோனார்கள் என்று சொல்லும் அந்தக் கல்தான்! 1868இல் கிடைத்த மோவாப் ராஜா மேசாவின் கல்வெட்டும், இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்தது என்று பெருமை பேசுகிறது. இஸ்ரவேலரும் அதே மொழியில்தான் எழுதினார்கள். யோசுவா 10இல் எபிரோன் என்ற ஊரில் ஒருவரும் மீதியில்லை. நியாயாதிபதிகள் 1இல் அதே எபிரோனில் கானானியரோடு மறுபடியும் போர். சவுல் அமலேக்கியரை அழித்த பிறகும், 1 சாமுவேல் 30இல் அதே அமலேக்கியர் தாவீது தங்கியிருந்த சிக்லாக் ஊரைக் கொளுத்துகிறார்கள். அங்கே ஒரு விவரத்தை நிதானமாக வாசியுங்கள்: பெண்களையும் சிறியவர்களையும் அவர்கள் கொன்றுபோடவில்லை, பிடித்துக்கொண்டு போனார்கள். குழந்தைகளை விட்டுவைத்த குற்றத்துக்காக யாரும் அமலேக்கியரைக் கடிந்துகொண்டதாக இல்லை. எழுதியவர் இதை வேண்டுமென்றே வைத்தாரா என்று சொல்ல முடியாது, ஆனால் வைத்திருக்கிறார்.

மிகைப்படுத்தல் என்பதால் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு குறையலாம். 'கொன்றுபோடக்கடவாய்' என்ற கட்டளை அப்படியேதான் நிற்கிறது. என் சாய்வு வேறு பக்கம்: இஸ்ரவேலர் கடவுளை உண்மையாகவே சந்தித்தார்கள், ஆனால் தங்கள் காலத்தின் கண்களால்தான் அவரைப் பார்த்தார்கள், போர்க்களத்தில் எல்லா ராஜாக்களும் தங்கள் தெய்வத்திடம் கேட்டதையே தாங்களும் கேட்டதாகப் புரிந்துகொண்டார்கள். பழைய ஏற்பாட்டில் நிறைவற்றவையும் காலத்துக்கு மட்டும் உரியவையும் உண்டு என்று 1965இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் சொல்லியிருக்கிறது. கிறிஸ்தவர்களுக்கு அளவுகோல் இயேசு. சமாரியர் ஊர் ஒன்று இடம் தர மறுத்தபோது, பழைய ஏற்பாட்டில் எலியா செய்ததுபோல் வானத்திலிருந்து அக்கினி இறங்கட்டுமா என்று சீஷர்கள் கேட்டார்கள். அவர்கள் காட்டியது வேத ஆதாரம்தான். இயேசு திரும்பி அவர்களைத்தான் அதட்டினார். நாசரேத்தில் ஏசாயா 61ஐ வாசித்தபோது, 'நீதியைச் சரிக்கட்டும் நாள்' என்ற சொற்கள் வருவதற்கு முன்பே புத்தகத்தைச் சுருட்டிக் கொடுத்துவிட்டார்.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பழைய ஏற்பாட்டின் கடவுள் கொடூரர், புதிய ஏற்பாட்டின் கடவுள் அன்பானவர் என்று இரண்டாகப் பிரித்துவிடாதீர்கள். இரண்டாம் நூற்றாண்டில் மார்கியோன் என்ற போதகர் அதைத்தான் செய்தார்; கி.பி. 144இல் ரோமச் சபை அவரை விலக்கியது. விலக்கியது சரிதான். எசேக்கியேலும் யோனாவும் பழைய ஏற்பாட்டில்தான் இருக்கிறார்கள். பொய் சொன்னதற்காக விழுந்து செத்த அனனியா சப்பீராள் தம்பதியின் கதை புதிய ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

என் சாய்வை ஏற்காத நல்ல விசுவாசிகள் ஏராளம். உங்கள் போதகரும் ஏற்காமல் போகலாம். அதில் தவறில்லை. ஆனால் யார் எந்த விளக்கம் சொன்னாலும் ஒன்றைக் கேளுங்கள்: இந்த விளக்கத்தை இறந்த குழந்தையின் தாயிடம் முகம் பார்த்துச் சொல்ல இவரால் முடியுமா? முடியாது என்றால் அதை நீங்கள் விழுங்க வேண்டிய கட்டாயம் இல்லை. விளக்கத்தை மறுப்பது கடவுளை மறுப்பதாகாது.

137ஆம் சங்கீதம் வேறு வகை. அங்கே பேசுவது கடவுள் அல்ல. எருசலேம் எரிக்கப்பட்டு, தங்கள் பிள்ளைகள் கொல்லப்பட்டதைப் பார்த்து, பாபிலோனுக்கு ஓட்டிச் செல்லப்பட்டவர்களின் வாயிலிருந்து வந்த அலறல் அது. கத்தோலிக்கக் குருக்களும் துறவியரும் அன்றாடம் சொல்லும் செபப் புத்தகத்தை 1970களில் திருத்தி அமைத்தபோது அந்த வசனங்களையும், 58, 83, 109 ஆகிய சங்கீதங்களை முழுதாகவும் விட்டுவிட்டார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பழிவாங்கத் துடிக்கிறவன் கத்தியை எடுக்காமல் அந்த வெறியைக் கடவுளிடமே கொட்டிவிடுவது மேல். ஆனால் உங்களுக்கு இப்போது அது தேவையில்லை, விட்டுவிடுங்கள்.

'மன்னிக்கப்படாத பாவம்'

பரிசுத்த ஆவியைத் தூஷிப்பதற்கு மன்னிப்பே இல்லை என்று மாற்கு 3இல் இயேசு சொல்வது யாரிடம்? தம்மைத் தேடி அழுதுகொண்டு வந்தவர்களிடம் அல்ல. நோயாளிகள் குணமாவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, இது பிசாசின் வேலை என்று அறிவித்த வேதபாரகரிடம், அதாவது யூதச் சட்ட அறிஞர்களிடம். ஏன் சொன்னார் என்பதை மாற்குவே அடுத்த வசனத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பாவத்தைச் செய்துவிட்டோமோ என்று பயந்து பாதி இரவு விழித்திருப்பவர் அதைச் செய்தவர் அல்ல. இது பெரும்பாலான சபைகளின் போதகர்கள் பொதுவாகச் சொல்வதுதான். 17ஆம் நூற்றாண்டின் ஜான் பன்யன், பிற்காலத்தில் பெரிய பிரசங்கியார், இதே பயத்தில் நீண்ட காலம் தவித்ததைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

இப்போது ஆலோசகனாகப் பேசுகிறேன். வேண்டாத எண்ணம் தானாக நுழைவது, அதைக் கழுவ ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது, தவறினால் முதலிலிருந்து தொடங்குவது: இந்தச் சுழற்சி மனநல மருத்துவத்துக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. ஓசிடி என்று சொல்கிறார்களே, அதன் ஒரு வடிவம் இப்படி மத பயமாக வரும். கர்ப்ப காலத்தில் தொடங்குவதும் கூடுவதும் உண்டு. கடிதத்தை வைத்து நான் நோய் இதுதான் என்று முடிவு கட்ட முடியாது. அதனால்தான் ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ நேரில் பாருங்கள் என்கிறேன். பேச்சு வழிச் சிகிச்சை இதற்கு நன்றாக வேலை செய்கிறது. மருந்து தேவைப்பட்டால், கர்ப்பத்தைச் சொல்லி, மகப்பேறு மருத்துவரோடும் கலந்து முடிவு செய்யலாம். அதுவரை ஒன்று முயலுங்கள்: அந்தச் சொல் மனத்தில் வந்தால், பதிலுக்கு ஜெபிக்காமல், 'அந்த எண்ணம் வந்திருக்கிறது' என்று விட்டுவிட்டுப் புரண்டு படுங்கள். முதலில் பயம் கூடும். பிறகு தானாகத் தணியும். கடவுள் கணக்கு வைத்துக்கொண்டிருப்பார் என்று உங்கள் பயம் சொல்லும். சொல்லட்டும்.

கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். செத்துவிடலாம், அவனிடமே போய்விடலாம் என்று எப்போதாவது தோன்றினால், அதைக் கணவரிடம் அன்றே சொல்லி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்படித் தோன்றுவதும் பாவக் கணக்கில் சேராது.

வாசிப்பதா, நிறுத்துவதா

அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். ஓர் ஆண்டில் முழு வேதாகமத்தையும் முடிக்க வேண்டும் என்று எந்த வசனமும் கட்டளையிடவில்லை. முழுவதுமாக நிறுத்துவதும் ஒரு வழிதான், சில மாதங்களுக்கு அது பரவாயில்லை. ஆனால் நீங்கள் வாசிக்காமல் இருந்தால் பெரியம்மாவின் குரல் மட்டுமே மிஞ்சும் என்று எனக்குக் கவலை. அதனால் குறைவாக, துணையோடு வாசியுங்கள். மாற்கு சுவிசேஷத்தில் நாளுக்கு ஒரு சம்பவம் போதும், கணவரும் பக்கத்தில் இருக்கட்டும். சங்கீதம் வேண்டுமென்றால் 88. 'என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே' என்று தொடங்கி, கடைசிவரை ஓர் ஆறுதல் வரிகூட இல்லாமல் முடிகிற சங்கீதம் அது. யாரோ அதையும் ஜெபம் என்று ஏற்றுச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

ஜெபக்குழுவுக்குப் போகாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் குடும்பத்தின் பாவங்களை அறிக்கை செய்யச் சொல்லி யாரும் வற்புறுத்த முடியாது. "பெரியம்மா, உங்கள் அன்பு எனக்குத் தெரியும். ஆனால் என் பிள்ளையைச் சாபம் என்று சொல்கிற பேச்சு என் காதில் விழ வேண்டாம். டாக்டர் சொன்னபடி நடக்கிறேன், நீங்கள் எனக்காக ஜெபம் பண்ணுங்கள், போதும்" என்று சொல்லலாம். சொல்ல நா எழவில்லை என்றால் கணவர் சொல்லட்டும். பெரியம்மா கெட்டவர் அல்ல. காரணம் தெரியாத மரணத்தை அவராலும் தாங்க முடியவில்லை, ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்.

போதகரிடம் பேசலாமா என்று தயங்குகிறீர்கள். முதலில் அமலேக்கைப் பற்றிப் பேசாதீர்கள். "என் மகன் தண்டனையாக எடுக்கப்பட்டானா?" என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்று உடனே, தயங்காமல் சொன்னால் மற்ற கேள்விகளையும் அவரிடம் கொண்டுபோகலாம். இழுத்தால் வேறு ஒருவரைத் தேடுங்கள்.

விட்டுவிட்டால் மகனைப் பார்க்கும் நம்பிக்கையும் போய்விடும் என்றீர்கள். உங்கள் பிடி தளர்ந்தால் அவன் விழுந்துவிடுவான் என்று நினைக்கிறீர்கள். கிறிஸ்தவ நம்பிக்கை அதற்கு நேர்மாறாகத்தான் பேசுகிறது. பிடித்திருப்பவர் கடவுள், நீங்கள் அல்ல. பயமுறுத்திய அதே 2 சாமுவேல் 12இல்தான், 'நான் அதினிடத்துக்குப் போவேனேயல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை' என்று தாவீது சொல்கிறான். நானும் ஒருநாள் சாவேன் என்பதற்கு மேல் அவன் எதையும் நினைக்கவில்லை என்பாரும் உண்டு. ஆனால் குழந்தையைப் பறிகொடுத்த எத்தனையோ பெற்றோர் அந்த வரியில்தான் சாய்ந்து நின்றிருக்கிறார்கள். மாற்கு 9இல் ஒரு தகப்பன் 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று கதறுகிறான். முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அவன் மகன் பிழைத்தான், உங்கள் மகன் பிழைக்கவில்லை. அந்த வேறுபாட்டை நான் மறைக்க முடியாது. ஆனால் அந்த ஜெபத்தை நீங்களும் சொல்லலாம், அரைகுறை விசுவாசத்தோடேயே.

மகள் "தம்பி ஏன் வரல?" என்று கேட்கிறாளாம். 'இயேசு எடுத்துக்கொண்டார்' என்று சொல்ல வேண்டாம். அடுத்து யாரை எடுப்பாரோ என்று குழந்தைகள் பயந்துபோவார்கள். "வயிற்றுக்குள் தம்பிக்குச் சாப்பாடும் ரத்தமும் கொண்டுபோகிற இடம் கெட்டுப்போனது. அதனால் செத்துப்போனான். யார் மேலும் தப்பில்லை. எங்களுக்கும் அழுகை வருகிறது" என்று சொன்னால் அவளுக்குப் புரியும். இந்தக் குழந்தையைப் பற்றி இப்போதே பெரிய வாக்குறுதி எதுவும் கொடுக்காதீர்கள். டாக்டர் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்பது போதும்.

பிரசவம் முடிந்து, தூக்கம் தேறி, 1 சாமுவேலுக்குத் திரும்பலாம் என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள். அமலேக்கைப் பற்றி நான் சொன்னதில் உங்களுக்கு ஒப்புதல் இல்லாத இடங்களை வைத்துக்கொண்டு அப்போது சண்டை போடலாம்.